பசிச்சா தானா சாப்பிடும்: பூனைத் தட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு

1.
பூனை வளர்க்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு.

"டாக்டர், பூனை முடி முடியா வாந்தி எடுக்குது. என்ன கொடுக்கலாம்?"

"டாக்டர், அதோட சாப்பாட்டை மாத்தலாம்னு இருக்கேன். நாளையிலிருந்தே மாத்திடலாமா?"

நான் மனுசங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன். அதனால "கால்நடை மருத்துவரைப் பாருங்க" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். இப்போதும் என் முதல் பதில் அதுதான்.

ஆனால் இந்த இரண்டு கேள்விகளுக்கும் நானே என் வீட்டில் பதில் கண்டுபிடிக்கப் போய், எங்கள் பூனை சாவின் விளிம்பு வரை போய்விட்டு வந்தது. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். படித்ததில் பெரும்பகுதி வரலாறு. அதை இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். டீ ஒன்று போட்டுக்கொண்டு வாருங்கள்.

2.
எங்கள் பூனையின் பெயர் செவலை. கருத்தடை செய்த ஆண். ஆறரை கிலோ. எங்கள் தெருவிலேயே அவ்வளவு வசதியான உடம்பு வேறு எந்தப் பூனைக்கும் கிடையாது.

இரண்டு வருடம் முன்பு, வாரத்துக்கு இரண்டு முறை முடியை வாந்தி எடுக்க ஆரம்பித்தது. நடு ஹாலில், கம்பளி நூலை ஈரத்தில் முறுக்கிப் போட்ட மாதிரி ஒரு சுருள்.

"வயித்துல முடி கட்டிக்கிச்சு போல. ஏதாவது பண்ணுடா, நீ டாக்டர்தானே" என்றார் அம்மா.

கடைக்குப் போனேன். முடியுருண்டைக்கு என்றே தனியாக உலர் தீவனம் இருந்தது. ஒரு பை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சாப்பாட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன்.

செவலை மோந்து பார்த்தது. திரும்பிப் போய்விட்டது.

"மனசு கேட்கலப்பா, பழசையே வைப்போம்" என்றாள் மகள்.

நான் சொன்ன பதில், தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் சொல்லும் பதில்தான்: "பசிச்சா தானா சாப்பிடும்."

மிச்சக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த முடியைப் பார்ப்போம்.

3.
பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? உப்புத்தாள் மாதிரி இருக்கும். அதில் தொண்டையை நோக்கி வளைந்த குட்டிக் குட்டி முட்கள் இருக்கின்றன. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான்.

2018இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் இந்த முட்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் கரண்டி மாதிரி ஒரு பள்ளம். அது எச்சிலை ஏந்திக்கொண்டு போய் முடியின் அடிவேர் வரை சேர்க்கிறது. குளியல், சீப்பு இரண்டு வேலையும் நாக்கே பார்க்கிறது.

இதில் ஒரு சிக்கல். முள் உள்பக்கமாக வளைந்திருப்பதால், ஒட்டிய முடியைப் பூனையால் துப்ப முடியாது. விழுங்கித்தான் ஆக வேண்டும்.

விழுங்கிய முடி செரிக்காது. பெரும்பாலானது மலத்தோடு போய்விடும். கொஞ்சம் இரைப்பையில் தங்கித் திரளும். அதைப் பூனை வாந்தியாக வெளியே தள்ளும். உணவுக்குழாய் வழியாகப் பிதுங்கி வருவதால்தான் உருண்டையாக இல்லாமல் நீளச் சுருளாக வருகிறது.

ஆக, எப்போதாவது ஒரு சுருள் வருவது நோய் இல்லை. அடிக்கடி வந்தால்தான் கேள்வி. அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை.

4.
விலங்கின் வயிற்றிலிருந்து வரும் இந்த உருண்டைகளுக்கு மருத்துவத்தில் பெசோவார் என்று பெயர். பாரசீகத்தில் "பாத்ஸஹர்", அதாவது விஷமுறிவு என்ற சொல்லிலிருந்து வந்தது.

ஆமாம். விஷமுறிவு.

ஆடு, மான் போன்ற அசை போடும் விலங்குகளின் வயிற்றில் முடி, நார் எல்லாம் திரண்டு, மேலே உப்புப் படிந்து கல்லாகிவிடும். அந்தக் கல் எந்த விஷத்தையும் முறிக்கும் என்று சில நூற்றாண்டுகள் உலகமே நம்பியது. ஐரோப்பிய அரசர்கள் தங்கத்தில் பதித்து வைத்திருந்தார்கள். அசல் கிடைக்காதபோது நம் கோவாவில் ஏசு சபைத் துறவிகள் செயற்கையாகவே உருட்டிச் செய்தார்கள். "கோவா கல்" என்ற பெயரில் அது ஐரோப்பா வரை விலை போனது.

(கோரோசனையும் இதுவும் ஒன்றா என்று கேட்பீர்கள். இல்லை. கோரோசனை மாட்டின் பித்தப்பைக் கல். பெசோவார் இரைப்பையில் உருவாவது. ஆனால் மாட்டுப் பித்தத்தை மறந்துவிடாதீர்கள். இந்தக் கதையில் அது திரும்ப வரும்.)

1560களில் பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் சார்லஸிடம் இப்படி ஒரு கல் இருந்தது. அவருடைய அறுவை மருத்துவர் ஆம்புரோஸ் பாரேவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. எல்லா விஷத்தையும் ஒரே பொருள் எப்படி முறிக்கும் என்பது அவர் கேள்வி.

அப்போது வெள்ளிப் பாத்திரம் திருடிய சமையற்காரர் ஒருவருக்குத் தூக்கு விதித்திருந்தார்கள். "தூக்கு வேண்டாம் என்றால் விஷம் குடி. உடனே இந்தக் கல்லைத் தருவோம். பிழைத்தால் விடுதலை" என்றார்கள். பாவம், ஒப்புக்கொண்டார். கல் வேலை செய்யவில்லை. துடிதுடித்து இறந்தார்.

இன்றைய மருத்துவ அறத்தில் இது கொலைக்குச் சமம். ஆனாலும் ஒரு நம்பிக்கையை நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஆரம்பகால நிகழ்வுகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள்.

கண்ணுக்குத் தெரியும் அந்த முடிக்கட்டிக்கு மனிதர்கள் எவ்வளவு அர்த்தம் கற்பித்தார்கள் பாருங்கள். அன்றைக்கு அது சர்வரோக நிவாரணி. இன்றைக்கு நம் வீடுகளில் தலைகீழ். பூனை இருமினாலும் முடி, சோர்ந்து படுத்தாலும் முடி, சாப்பிடாவிட்டாலும் முடி.

5.
மனிதர்களுக்கும் வயிற்றில் முடி சேரும். தன் தலைமுடியைத் தானே பிய்த்து விழுங்கும் மனநலப் பிரச்சினை உள்ளவர்களிடம், குறிப்பாக இளம்பெண்களிடம், இதைப் பார்க்கிறோம். இரைப்பையின் வடிவத்திலேயே முடி அச்சு வார்த்த மாதிரி கிடக்கும். வால் மாதிரி சிறுகுடலுக்குள் நீண்டுவிட்டால் அதற்கு ரபுன்செல் நோய்க்குறி என்று பெயர். 1968இல் மருத்துவ இதழில் அப்படிப் பெயர் வைத்தார்கள்.

அங்கே அறுவை சிகிச்சை செய்து முடியை எடுத்தால் வேலை முடிந்ததா? இல்லை. அந்தப் பெண் ஏன் முடியை விழுங்கினாள் என்று கேட்காமல் அனுப்பினால், திரும்ப வருவாள்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். மனுச நோயாளி என்றால் கேட்டிருப்பேன். என் பூனைக்கு ஒரு பை தீவனம் வாங்கினேன்.

6.
சரி, இப்போது தட்டுக்கு வருவோம். பூனை நம்மோடு எப்படி வந்தது?

மத்தியதரைக் கடலில் சைப்ரஸ் தீவு. அங்கே ஷில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில், சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கல்லறையைப் பற்றி 2004இல் ழான்-தெனி வின்ய் குழுவினர் எழுதினார்கள். ஒரு மனிதரின் எலும்புக்கூடு. அரை மீட்டர்கூட இல்லாத தூரத்தில் ஒரு பூனையின் முழு எலும்புக்கூடு. அந்தத் தீவில் பூனை இயற்கையாகக் கிடையாது. யாரோ படகில் கொண்டு வந்திருக்கிறார்கள்.

விவசாயம் வந்தது. தானியம் சேர்ந்தது. எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. நாய் நம் எச்சில் சோற்றைத் தின்னப் பழகி, மாவுச்சத்தைச் செரிக்கும் திறனைக் கூட்டிக்கொண்டது. பூனைக்கு அந்தத் தேவையே வரவில்லை. நம் குதிருக்குப் பக்கத்தில் படுத்திருந்தாலும் அது தின்றது எலியைத்தான்.

அதனால் பூனை இன்றும் பாலைவன வேட்டை விலங்கின் உடம்போடுதான் நம் சோபாவில் படுத்திருக்கிறது. தாகம் குறைவு, தண்ணீரை இரையிலிருந்தே எடுத்துப் பழகியது. இனிப்புச் சுவைகூடத் தெரியாது. அதற்கான மரபணு ஒன்று பூனை இனத்தில் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005இல் பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையம் கண்டுபிடித்தது.

உங்கள் பூனை பாயசத்தை நக்கினால் அது பாலுக்காக, சர்க்கரைக்காக இல்லை.

7.
எலி பிடித்துத் தின்ற வரை பூனைக்குச் சத்துக் குறைபாடு பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. எலி ஒரு முழுச் சாப்பாடு. தசை, ஈரல், இதயம், எலும்பு, தண்ணீர் எல்லாம் ஒரே பொட்டலத்தில்.

நாம் தட்டு வைக்க ஆரம்பித்த பிறகுதான் பிரச்சினை.

19ஆம் நூற்றாண்டு லண்டனில் "பூனைக்கறிக்காரர்" என்றே ஒரு தொழில் இருந்தது. வண்டியிழுத்து ஓய்ந்த குதிரைகளை அறுத்து, கறியை வேகவைத்து, குச்சியில் குத்தித் தெருத்தெருவாக விற்பார்கள். ஹென்றி மேஹ்யூ லண்டன் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில் இவர்களும் இருக்கிறார்கள். பின்னால் டப்பா உணவு வந்தது. இரண்டாம் உலகப் போரில் தகரம் ராணுவத்துக்குப் போனதால் உலர் தீவனம் பரவியது.

பூனை கறி தின்னும் பிராணி. கறி கொடுத்தால் போதும் என்பது அன்றைய நம்பிக்கை.

போதாது. வெறும் தசைக்கறியில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். கறி மட்டுமே தின்று வளர்ந்த குட்டிகளுக்கு எலும்பு மெலிந்து, குதித்தாலே முறிந்தது. பல காலம் இதைப் பிறவி எலும்பு நோய் என்று நினைத்தார்கள். தட்டுதான் காரணம் என்று பிறகுதான் தெரிந்தது.

குட்டி தட்டை நக்கிக் காலி செய்தது. கறியும் நல்ல கறி. எலும்பு மட்டும் உள்ளே கரைந்துகொண்டிருந்தது.

8.
அடுத்து ஒரு டாக்டர். நம்மாள், மனுச டாக்டர்.

கலிபோர்னியாவின் மன்ரோவியா என்ற ஊரில் காசநோய் மருத்துவமனை. அங்கே ஃபிரான்சிஸ் பாட்டெஞ்சர் என்ற மருத்துவர், அட்ரீனல் சுரப்பிச் சாறு ஒன்றின் வீரியத்தைச் சோதிக்கப் பூனைகள் வைத்திருந்தார். மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெந்த கறிதான் அவற்றுக்குச் சாப்பாடு. பூனைகள் கூடிப்போனதால் கறி போதவில்லை. பக்கத்துக் கறித் தொழிற்சாலையிலிருந்து பச்சைத் துண்டுகள் வாங்கிச் சில கூண்டுகளுக்கு மட்டும் போட்டார்.

பச்சைக்கறி தின்ற பூனைகள் அறுவை சிகிச்சையைத் தாங்கின. வெந்த கறி தின்றவை அதிகம் செத்தன.

இதைப் பிடித்துக்கொண்டு 1932 முதல் 1942 வரை பத்து வருடம், சுமார் 900 பூனைகளில் ஆராய்ந்தார். வெந்த கறிப் பூனைகள் தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன.

அவர் பார்த்தது உண்மை. ஆனால் அதிலிருந்து "சமைத்த உணவு எல்லாருக்கும் கெடுதல், பச்சைப்பால் குடியுங்கள்" என்று கிளம்பிய கூட்டம் இன்றும் உண்டு. உங்கள் வாட்ஸ்அப்பிலும் அந்தப் படங்கள் வந்திருக்கலாம்.

பூனைக்கு நடந்தது மனுசனுக்கும் நடக்கும் என்று எடுத்துக்கொண்டது அவர்கள் தப்பு. மனுசனுக்குப் பொருந்துவது பூனைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டது என் தப்பு. இரண்டும் ஒரே தப்புதான்.

வெந்த கறியில் அப்படி எது குறைந்திருக்கும்? பாட்டெஞ்சருக்கு விடை தெரியாது. பின்னால் பலரும் சுட்டிக்காட்டிய பொருள் ஒன்று. அதன் பெயர் டாரின்.

9.
இப்போது அந்த மாட்டுப் பித்தம்.

1827இல் ஜெர்மனியில் டீடமன், குமெலின் என்ற இருவர் எருதின் பித்தநீரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் எருது "டாரஸ்". அதனால் டாரின். எனர்ஜி டிரிங்க் டப்பாவில் எழுதியிருக்கும் அதே டாரின்தான்.

மனிதர்களான நமக்கு இது பெரிய கவலை இல்லை. உடம்பே தயாரித்துக்கொள்ளும். அதனால் சுமார் ஒன்றரை நூற்றாண்டு இதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

1964இல் லண்டனில் பாட்ரீசியா ஸ்காட் குழுவினர், சோதனை உணவு தின்ற பூனைகளுக்குக் கண்பார்வை போவதைப் பதிவு செய்தார்கள். உணவில் என்ன குறை என்று அன்றைக்குப் பிடிபடவில்லை.

1975இல் ஹார்வர்டில் கே.சி. ஹேய்ஸ் குழு விடையைக் கண்டது. பால்புரதமான கேசீனை மட்டும் புரதமாகக் கொடுத்த பூனைகளுக்கு ரத்தத்தில் டாரின் சரிந்தது. விழித்திரை அழிந்தது. புரதம் இருந்தது. ஆனால் அந்தப் புரதத்தில் டாரின் இல்லை.

தயிர்சாதம் மட்டுமே போட்டுப் பூனை வளர்க்கும் பாட்டிமார்கள் நம் ஊரில் உண்டு. அந்தப் பூனைகளில் பல பிழைத்திருப்பது ராத்திரியில் அது பிடிக்கும் எலியாலும் பல்லியாலும். இன்றைக்கு அபார்ட்மெண்ட் மூன்றாவது மாடியில், கதவு சாத்திய வீட்டில் இருக்கும் பூனைக்கு அந்த வழியும் கிடையாது.

10.
கண் தெரிந்துவிட்டது. அடுத்தது இதயம்.

1980களில் அமெரிக்காவில் வீட்டுப் பூனைகள் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் ஒரு இதய நோயால் செத்துக்கொண்டிருந்தன. இதயம் பலூன் மாதிரி வீங்கி, சுவர் மெலிந்து, ரத்தத்தைத் தள்ளச் சக்தி இல்லாமல் போகும். மனிதர்களிலும் இந்த நோய் உண்டு. டைலேட்டட் கார்டியோமயோபதி என்போம். காரணம் தெரியாது, மருந்தும் பெரிதாகக் கிடையாது என்ற நிலை.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பயோன் என்ற இளம் கால்நடை இதய மருத்துவர், இந்தப் பூனைகளின் ரத்தத்தில் டாரினை அளந்து பார்த்தார். குறைவு. வாய்வழியாக டாரின் கொடுத்தார்.

வீங்கிய இதயங்கள் பழைய நிலைக்குத் திரும்பின.

இதை எக்கோ பார்க்கும் ஒரு டாக்டரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மாறும். அப்படிப்பட்ட இதயம் திரும்பி வருவதை நாங்கள் அடிக்கடி பார்ப்பதில்லை.

1987இல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. அதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. பாதிக்கப்பட்டவற்றில் 21 பூனைகள் தின்றது வீட்டு மிச்சம் இல்லை. கடையில் வாங்கிய பூனை உணவு. டாரின் தேவை என்பது தெரிந்து பன்னிரண்டு வருடம் ஆன பிறகும் இது நடந்தது. உணவில் இருப்பதாக அளந்த டாரின் வேறு, பூனையின் ரத்தத்தில் போய்ச் சேர்ந்தது வேறு. கட்டுரைக்குப் பிறகு தயாரிப்பாளர்கள் டாரினைக் கூட்டினார்கள். பூனைகளில் அந்த நோய் வெகுவாகக் குறைந்துபோனது.

அந்தப் பூனைகளின் வீட்டுக்காரர்களை நினைத்துப் பாருங்கள். நல்ல உணவு என்று நம்பிக் காசு கொடுத்து வாங்கினார்கள். பூனை ஆசையாகச் சாப்பிட்டது. முடி பளபளத்தது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வெளியே ஒன்றுமே தெரியவில்லை.

"நல்லாத்தானே சாப்பிடுது" என்பது மட்டும் சான்று ஆகாது.

11.
பூனைக்கு மட்டும் ஏன் இப்படி?

பித்த அமிலங்களை டாரினோடோ கிளைசினோடோ சேர்த்துத்தான் கல்லீரல் அனுப்பும். நமக்கு டாரின் குறைந்தால் கிளைசினை வைத்துச் சமாளித்துக்கொள்வோம். பூனைக்கு அந்த மாற்று வழி கிடையாது. டாரின்தான் வேண்டும். ஒவ்வொரு வேளை செரிமானத்திலும் கொஞ்சம் குடலில் போய்விடும். உடம்பில் தயாரிப்பதோ மிகக் குறைவு. வருமானம் இல்லாமல் செலவு மட்டும் நடக்கும் வீடு மாதிரி.

டாரின் ஒன்றுதானா? இல்லை. கேரட்டிலிருந்து விட்டமின் ஏ எடுக்கப் பூனையால் முடியாது. அதே டேவிஸில் ஜேம்ஸ் மாரிஸ், குவின்டன் ராஜர்ஸ் இருவரும் 1978இல் காட்டியது இன்னும் பயங்கரம். ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இல்லாத உணவு ஒரே ஒரு வேளை. சில மணி நேரத்தில் ரத்தத்தில் அம்மோனியா ஏறிப் பூனை விழுந்தது.

புரதம் வராவிட்டால் நம் கல்லீரல் சிக்கன நடவடிக்கைக்கு மாறிவிடும். பூனையின் கல்லீரல் அப்படி மாறாது. வந்தாலும் வராவிட்டாலும் புரதத்தை எரித்துக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தைப் படித்தபோதுதான் செவலைக்கு என்ன நடந்தது என்று எனக்கு முழுசாகப் புரிந்தது.

12.
ஞாயிறு சாப்பிடவில்லை. திங்கள் இரண்டு உருண்டை கடித்துப் போட்டது. செவ்வாய், புதன் தண்ணீர் மட்டும். "பிடிவாதம்" என்றேன். வியாழன் படுத்த இடத்தை விட்டு எழவில்லை.

வெள்ளி காலை, மகள் அதை மடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். "அப்பா, காது உள்பக்கம் மஞ்சளா இருக்கு."

மஞ்சள் காமாலை. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தினமும் மனுசங்க கண்ணில் பார்க்கிற மஞ்சள்.

கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளா சாப்பிடலை?"

"அஞ்சு நாள்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

குண்டுப் பூனை பட்டினி கிடந்தால், உடம்பின் கொழுப்பு உருகிக் கல்லீரலுக்குப் போகும். கல்லீரலால் அதைக் கையாள முடியாது. செல்லுக்குள் கொழுப்பு நிறைந்து கல்லீரல் செயலிழக்கும். அதனால் பசி இன்னும் போகும். அப்போது பூனை "பசிச்சா" சாப்பிடாது. பசியே வராது. அப்படியே விட்டால் சாவுதான்.

கழுத்தில் சின்ன டியூப் வைத்து உணவுக்குழாய்க்குள் நேராக உணவு. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. வீட்டில் ஐந்து வாரம். அம்மா அலாரம் வைத்து எழுந்தார். செவலை பிழைத்தது.

அந்த முடி வாந்திக்குக் காரணம்? மருத்துவர் சீப்பை வாலின் அடியில் ஓட்டி, வெள்ளைத் துணியில் தட்டிக் காட்டினார். கருப்பு மிளகுத்தூள் மாதிரி விழுந்தது. தெள்ளுப்பூச்சியின் எச்சம். அரிப்பில் நாள் முழுக்க நக்கியிருக்கிறது. நக்கியதால் முடி. தெள்ளுப்பூச்சிக்கு மருந்து போட்டதும் வாந்தி மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது.

சாப்பாட்டில் எந்தக் குறையும் இருந்திருக்கவில்லை.

13.
சரி, நடைமுறைக்கு வருவோம். உணவை மாற்றுவது எப்படி?

முதலில், ஏன் மாற்றுகிறோம் என்று கேளுங்கள். வாந்திக்காக என்றால் முதலில் காரணத்தைத் தேடுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் முக்கால் பங்கு பழையது, கால் பங்கு புதியது. அடுத்து பாதிக்குப் பாதி. அடுத்து கால் பங்கு பழையது. பிறகு முழுதும் புதியது. முரண்டு பிடிக்கும் பூனைக்கு மாதம்கூட ஆகலாம். ஆகட்டும்.

ஈர உணவை லேசாகச் சூடுபடுத்தினால் வாசனை எழும். பூனை மூக்கால்தான் சாப்பிடும்.

ஒரு நாள் முழுக்க எதுவுமே சாப்பிடாவிட்டால் பழைய உணவைத் திரும்ப வையுங்கள். அதையும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். குண்டுப் பூனை என்றால் இன்னும் அவசரம். உடல் எடையைக் குறைக்கப் பட்டினி போடவே கூடாது.

வீட்டுச் சமையல்தான் கொடுப்பேன் என்றால், கால்நடை மருத்துவரிடம் கணக்குக் கேட்டுச் செய்யுங்கள். டாரின் தண்ணீரில் கரையும். கறி வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் டாரினும் சேர்ந்து போகும். வெங்காயம், பூண்டு சேர்த்த குழம்பு எதுவும் வேண்டாம். பூனையின் சிவப்பணுக்களை அது உடைக்கும்.

உங்கள் வீடு சைவம் என்பதை மதிக்கிறேன். பூனை சைவம் இல்லை. அதை அதன் கல்லீரல் ஒப்புக்கொள்ளாது.

14.
முடிக்கு என்ன செய்யலாம்?

சீப்பு. இதை விட நல்ல மருந்து இல்லை. நீள முடி என்றால் தினமும், குட்டை முடி என்றால் வாரம் இரண்டு மூன்று முறை. சீப்பில் வருவது வயிற்றுக்குப் போகாது.

தண்ணீர் தாராளமாக. ஈர உணவு கொஞ்சம். நார்ச்சத்து கூட்டிய உணவோ, முடியை வழுக்கி வெளியேற்றும் பசையோ மருத்துவர் சொன்னால் கொடுக்கலாம்.

தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், நெய் என்று வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள். உணவுக் கொழுப்பு வழியிலேயே செரித்துவிடும், முடியை நகர்த்தாது. ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா.

உடனே மருத்துவமனை என்றால் எப்போது? திரும்பத் திரும்பக் குமட்டியும் ஒன்றும் வெளியே வராதபோது. சாப்பாடு நின்றுபோனால். மலம் வராவிட்டால். வயிறு உப்பினால். குடல் அடைப்பாக இருக்கலாம்.

தரையோடு பதுங்கி, கழுத்தை நீட்டி இருமுகிறது, முடியே வரவில்லை என்றால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். அந்த இருமலை போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, டாக்டராகக் கெஞ்சிக் கேட்கிறேன். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். அதை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் இல்லை. நாம் சாதாரணமாகப் போடும் ஒரு மாத்திரை அதைக் கொல்லும்.

15.
இவ்வளவு வரலாறும் எதற்கு என்று கேட்கலாம்.

கறி மட்டும் போட்டவர் கொடுமைக்காரர் இல்லை. பாட்டெஞ்சர் சோம்பேறி இல்லை. 1987இல் டப்பா வாங்கியவர்கள் அலட்சியக்காரர்கள் இல்லை. எல்லோரும் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து முடிவு செய்தார்கள். தட்டு காலியாகிறது, பூனை நன்றாக இருக்கிறது. தெரியாத பக்கத்தை யாரோ ஒருவர் அளந்து பார்த்தபோதுதான் உண்மை வந்தது. அதற்குள் எத்தனையோ பூனைகள் போய்விட்டன.

என் வீட்டில் அளந்து பார்க்கவேண்டிய ஆள் நான்தான். நான் தரையில் கிடந்த முடியை மட்டும் பார்த்தேன். மடியில் தூக்கி வைத்து, காதைத் திருப்பிப் பார்த்தது பன்னிரண்டு வயதுப் பெண்.

செவலைக்கு இப்போது ஒன்பது வயது. ஐந்தேகால் கிலோ. கழுத்தில் டியூப் இருந்த இடத்தில் முடி கொஞ்சம் வெள்ளையாக முளைத்திருக்கிறது. சாப்பாடு வைத்ததும் மகள் நின்று பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவாள்.

இன்றைக்கு ராத்திரி உங்கள் பூனையைத் தூக்கி மடியில் வையுங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா, காதின் உள்பக்கம் மஞ்சள் இல்லையா, முதுகெலும்பு கையில் தட்டுகிறதா, சீப்பில் கருப்புத் தூள் விழுகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் ஆகும்.

தட்டு அப்படியே இருந்தால் "பசிச்சா தானா சாப்பிடும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பூனை வைத்திருக்கும் ஒருவருக்காவது இதை அனுப்புங்கள்.